குத்யாக் கிண்ணத்தில் மூன்றாவது கரண்டி

1

எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் ஹலினா, நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வாரம் படியேறி வந்து கதவில் தட்டினார். கையில் ஒரு பை. அதற்குள் தோல் நீக்கிய முழுக் கோதுமை.

"ஒரு நாளைக்கு உங்கள் அடுப்பு வேண்டும். கீழே உள்ளது சிறியது. இது நீண்ட நேரம் வேக வேண்டும்" என்றார்.

ஹலினாவின் ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே உயரம். இருவருமே பாதி வசனத்தில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவோம். மற்றவர் பொறுமையாகக் காத்திருப்பார். அதனால்தானோ என்னவோ எங்களுக்குள் விளங்காமல் போனது குறைவு. அவர் சொன்னவற்றை இங்கே ஒழுங்கான தமிழில் எழுதுகிறேன். கேட்கும்போது அவை இவ்வளவு ஒழுங்காக இருக்கவில்லை.

பையைத் திறந்து ஒரு பிடி கோதுமையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் பாண் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். கனடாவில் நாங்கள் இருக்கும் மல்வேர்னிலிருந்து பஸ் பிடித்துப் போய், மாவுத் தூசிக்குள் நின்றுவிட்டு, காதுக்குள் மாவோடு திரும்பி வருகிறவன். இத்தனை வருடத்தில் மாவைத்தான் பார்த்திருக்கிறேன். முழுக் கோதுமையைக் கையில் ஏந்தியதில்லை. நெல்லைப் போலவே நடுவில் ஒரு கோடு இருந்தது.

அவர் செய்யப் போவது குத்யா. கோதுமையை அவித்து, கசகசா இனத்துப் பொப்பி விதையை அரைத்து, தேனும் வால்நட்டும் முந்திரிகைப்பழ வற்றலும் சேர்த்துக் கிளறுவது. நத்தாருக்கு முதல்நாள் மாலை, வானத்தில் முதல் வெள்ளி தெரிந்தபிறகு உக்ரேனியர்கள் சாப்பிட உட்காருவார்களாம். அன்று முதல் வாய் குத்யாதான்.

என் மனைவி வசந்தி வேலையால் வந்ததும் விளக்கினேன்.

"எங்கடை புக்கை மாதிரி. அரிசிக்குப் பதிலாக் கோதுமை."

"பால் விடுவினமோ?"

"இல்லை. அண்டைக்குப் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லையாம். பன்னிரண்டு சாப்பாடும் மரக்கறியும் மீனுமாம்."

"மீனை விட்டால் எங்கடை ஆக்கள்தான்" என்றாள் வசந்தி. "தனியாப் பன்னிரண்டு சமைச்சு அந்தப் பிள்ளை ஆரோடை இருந்து சாப்பிடுறது? மேலை வந்து செய்யச் சொல்லுங்கோ. நானும் நாலைஞ்சு கறி வைக்கிறன்."

2

கோதுமையை முதல்நாளே ஊற வைக்க வேண்டும் என்று ஹலினா வந்தார். எங்கள் பெரிய பானையில் தண்ணீர் விட்டு ஊற வைத்தார். பிறகு கீழே போகாமல் பாத்திரம் கழுவும் சிங்கோடு சாய்ந்து நின்றார்.

"எனக்கு ஒரு சிக்கல்" என்றார்.

அவருடைய கணவர் அந்திரி போர்முனைக்குப் போனவர். இரண்டு குளிர்காலமாக ஒரு தகவலும் இல்லை. பிடிபட்டவர்களுக்குள்ளும் அவர் பெயர் இல்லை, இறந்தவர்களுக்குள்ளும் இல்லை. அந்திரியின் அம்மா அங்கே ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார்.

அவர்கள் வீட்டு வழக்கம் இது: நத்தார்ச் சாப்பாடு முடிந்ததும் மிச்சக் குத்யாவைக் கிண்ணத்தோடு மேசையில் வைத்து, அந்த வீட்டில் இறந்துபோன ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வெறும் கரண்டியைச் செருகி வைப்பார்கள். அவர்கள் வந்து சாப்பிடுவார்கள். ஹலினா வழமையாகத் தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வைப்பார். இந்த முறை மாமியார் சொல்லியிருக்கிறார், என் மகனுக்கும் ஒரு கரண்டி வை என்று. அங்கே அவருக்குக் கோதுமை அவிக்க மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாதாம். அதனால் நீ அங்கே வை, காலையில் ஃபோனில் எனக்குக் காட்டு என்று.

"வைத்தால் அந்திரி இறந்தவர்" என்றார் ஹலினா. "வைக்காவிட்டால், ஒருவேளை அவர் இறந்திருந்தால், அன்றைக்குப் பசியோடு நிற்பார். மாமி அதைச் சொல்லித்தான் அழுகிறார். எல்லோருடைய பிள்ளைகளும் சாப்பிட, என் பிள்ளை மட்டும் வாசலில் நிற்கிறான் என்கிறார்."

பானைக்குள் கை விட்டுக் கோதுமையைக் கிளறிவிட்டுச் சொன்னார்.

"நாங்கள் இருவரும் கடைசியாகக் கொண்டாடியது ஜனவரியில். பழைய நாட்காட்டி. இப்போது எங்கள் நாட்டில் டிசம்பருக்கு மாற்றிவிட்டார்கள். அது அவருக்குத் தெரியுமோ தெரியாது. அவர் ஜனவரியில் வந்து நின்றால் என்ன செய்வது?"

ஒருநாள் அவரை ஒரு அரசாங்க அலுவலகத்துக்குக் காரில் கூட்டிப் போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல பெண். சிரித்த முகத்தோடுதான் கேட்டார்: திருமணமானவரா, விதவையா, பிரிந்து வாழ்கிறவரா? திருமணமானவர் என்றார் ஹலினா. கணவர் கனடாவில் இருக்கிறாரா? இல்லை. அப்படியென்றால் எந்த நாட்டில்? தெரியாது. அந்தப் பெண்ணின் விரல்கள் கீபோர்டுக்கு மேலே அப்படியே நின்றன. "மன்னிக்க வேண்டும், ஏதாவது ஒன்றைப் போடாமல் அடுத்த பக்கம் வராது" என்றார்.

அந்த விரல்களை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் அல்ல, பிறகு, அம்மாவை இங்கே கூப்பிட முயன்றபோது. என் தம்பி குகனைப் பற்றிக் கேட்டார்கள். குகன் வன்னியில் கடைசிச் சண்டை நேரம் காணாமல் போனவன். அவனைக் கடைசியாகக் கண்டவர்கள் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். கஞ்சி வாங்க நின்றதைக் கண்டோம் என்றார்கள். பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டோம் என்றார்கள். இருக்கிறாரா, இல்லையா என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். அவர் ஏதோ ஒன்றை அடித்தார். என்ன அடித்தார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அம்மா இந்த நாட்டுக்கு வரவேயில்லை. சாகும்வரை ஊரில், ஆடி அமாவாசைக்கு ஐயர் பெயர் கேட்கும்போது, அப்பாவின் பெயரை மட்டும்தான் சொல்ல விட்டார். "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் விடச் சொல்லுறியளோ?" என்று தங்கச்சியோடு சண்டை பிடிப்பார். இப்போது அம்மாவும் இல்லை. வருடா வருடம் தங்கச்சி ஃபோனில் கேட்பாள்: "அண்ணை, இந்தமுறை ஐயரிட்டைச் சின்னண்ணையின்ரை பேரையும் குடுக்கட்டோ?" நான் "பொறு பிள்ளை, பாப்பம்" என்பேன். அடுத்த ஆடியிலும் அதையே சொல்வேன்.

இதையெல்லாம் ஹலினாவுக்குச் சொல்ல என் ஆங்கிலம் போதாது. "எனக்கும் ஒரு தம்பி" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

3

அடுத்தநாள் எனக்கு வேலை இல்லை. ஹலினாவுக்குக் காலையில் இரண்டு அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை இருந்தது. அதனால் பானை என் பொறுப்பு. மெல்லிய நெருப்பில் வேக வேண்டும், அடிப்பிடிக்கக் கூடாது, விரலால் நசித்தால் நசிய வேண்டும், ஆனால் குழையக் கூடாது. அரிசியென்றால் எத்தனை கொதியில் இறக்குவது என்று கைக்குத் தெரியும். கோதுமை அப்படி இல்லை. எவ்வளவு கொதித்தாலும் முழித்துக்கொண்டு கிடந்தது.

மகள் ஆரணி ஃபோன் எடுத்தாள். அவள் விட்பியில் தனியாக இருக்கிறாள். புது வீடுகள் கட்டிய பக்கம், எங்களிடம் வர ரயிலும் பஸ்ஸும் மாறவேண்டும் என்று முன்பு காரணம் சொல்வாள். இப்போது கார் இருக்கிறது. காரணம் சொல்வதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

"அப்பா, நீங்கள் லாண்ட்லோர்ட். டெனன்ற்றின்ரை கிறிஸ்மஸுக்கு நீங்கள் ஏன் குக் பண்ணுறீங்கள்?"

"நான் குக் பண்ணேல்லை பிள்ளை. பானையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

"தட் இஸ் குக்கிங், அப்பா."

சிரித்தாள். பிறகு, தான் நண்பர்களோடு போவதாக இருந்தது இல்லாமல் போய்விட்டது, தானும் வரலாமா என்று கேட்டாள். சொந்த வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறாள். "வாவன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மதியத்துக்குப் பிறகு ஹலினா வந்தார். பொப்பி விதையை வெந்நீரில் ஊற வைத்திருந்தார். கருநீலம், கடுகிலும் சின்னது. ஊரில் அதை உள்பக்கம் வரி போட்ட மண்சட்டியில் மரத்தடியால் அரைப்பார்களாம், வெள்ளையாகப் பால் வரும்வரை. இங்கே சட்டி இல்லை. மிக்ஸியில் போட்டால் சூட்டில் கசந்துவிடும் என்று பயந்தார். நான் எங்கள் உழுந்து அரைக்கும் கல் கிரைண்டரைக் காட்டினேன். நன்றாகக் கழுவி, விதையைப் போட்டு ஓட விட்டோம். முதலில் சேறு மாதிரி இருந்தது. ஹலினா குனிந்து பார்த்தபடியே நின்றார். மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி, பிறகு ஓரத்தில் வெள்ளையாகப் பால் கசிந்தது. அவர் கையைத் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வசந்தி கத்தரிக்காய்ப் பால்கறிக்குத் தேங்காய்ப்பால் விடப் போனபோது ஹலினா தடுத்தார்.

"பால் கூடாது."

"இது கொக்கனற்" என்றாள் வசந்தி.

"பெயர் பால்தானே?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதோ குருவானவர் மாதிரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஹலினா யோசித்து முடிவு சொன்னார்: "மாடு இல்லை. அப்படியென்றால் சரி."

4

அன்று மாலை மல்வேர்ன் வானத்தில் மேகம் மட்டும்தான். வெள்ளி தெரியாமல் சாப்பாடு தொடங்க முடியாது. ஹலினா ஜன்னலடியில் நின்றார். வடை ஆறிக்கொண்டிருந்தது. ஆரணி தன் ஃபோனை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்தாள். எந்தத் திசையில் எந்த வெள்ளி என்று காட்டும் ஆப் ஒன்று இருந்தது. மேகத்துக்குப் பின்னால் ஒன்று இருப்பதாக அது சொன்னது.

"லுக்! தெயர்."

"இருக்கிறதுதானே" என்றார் ஹலினா. "போதும்."

மேசை விரிப்பின் கீழ் கொஞ்சம் வைக்கோல் பரப்பியிருந்தார். எங்கே வாங்கினார் என்றால், செல்லப்பிராணிக் கடையில், முயலுக்கு விற்பதை. பாணின் நடுவே ஒரு மெழுகுதிரி. பீற்றூட் சூப், கிழங்கு வைத்த கொழுக்கட்டை, முட்டைக்கோவா இலைச் சுருள், மீன் ஒன்று. இந்தப் பக்கம் எங்கள் சோறு, பருப்பு, பால்கறி, பயற்றங்காய்க் கறி, வடை, பூசணிக்காய்க் கறி. எல்லாம் சேர்ந்து பன்னிரண்டாகிவிட்டது என்று வசந்தி விரல்விட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டாள்.

வீட்டில் மூத்தவர்தான் முதல் கரண்டி குத்யா எடுத்து எல்லோருக்கும் நல்லது சொல்ல வேண்டுமாம். அது நான். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறப்பதென்றால் வியர்க்கும். எழுந்து நின்று, "எல்லாரும் நல்லா இருக்க வேணும்" என்றேன். உடனே உட்கார்ந்துவிட்டேன். "ஸ்பீச் முடிஞ்சுதோ?" என்றாள் வசந்தி.

குத்யா நன்றாக இருந்தது. கோதுமை பல்லில் ஒருமுறை எதிர்த்து நின்று பிறகு விட்டுக்கொடுத்தது. தேனுக்குக் கீழே பொப்பி விதையின் மெல்லிய ஒரு கசப்பு. இனிப்பென்றால் எங்களுக்குத் தித்திக்க வேண்டும். இது அப்படித் தித்திக்கவில்லை.

ஊரில் அந்திரி முதல் கரண்டிக் குத்யாவை வீட்டுக் கூரையை நோக்கி எறிவாராம். எத்தனை கோதுமை மணி ஒட்டிக்கொள்கிறதோ அவ்வளவுக்கு வருடம் நல்லது. ஹலினா கரண்டியைக் கையில் எடுத்து மேலே பார்த்தார். வசந்தி பதறிப் போனாள்.

"ஐயோ பிள்ளை, இப்பத்தான் பெயின்ற் அடிச்சது!"

எல்லோரும் சிரித்தோம். நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஹலினா மிச்சக் குத்யாவைக் கிண்ணத்தில் மட்டமாக்கினார். அப்பாவுக்கு ஒரு கரண்டி வைத்தார். அம்மாவுக்கு ஒன்று. மூன்றாவது கரண்டி கையில் இருந்தது.

கரண்டிகள் யாருக்கென்று வசந்தி காதுக்குள் சொல்ல, ஆரணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள். "அப்பா, அப்ப எங்கடை சித்தப்பாக்கு? ஹி இஸ் டெட், ரைட்? நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஃபிரண்ட்ஸ் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"ஆரணி, ஸ்னோ கூடப் போகுது, வெளிக்கிடு. சாப்பாடு கட்டித் தாறன்" என்றாள் வசந்தி.

ஹலினா மூன்றாவது கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். லைட் சுவிச்சை அணைப்பதுபோல சட்டென்று வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனார்.

5

வசந்தியும் ஆரணியும் வெளியே காரில் பனி தட்டிக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் மேசையடியில் நின்றேன்.

எங்கள் வீடுகளில் படையல் வைத்தால், கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். கொஞ்ச நேரம் அவர்களைத் தனியே விட வேண்டும். பிறகு கதவில் தட்டிவிட்டு உள்ளே போய், எடுத்துப் பகிர்ந்து சாப்பிட்டு, இடத்தைக் கழுவித் துடைப்போம். நான் அதைத்தான் செய்தேன். சமையலறை லைட்டை அணைத்துவிட்டு, முன்ஹோலில் போய் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சுவரில் இரண்டு தரம் தட்டிவிட்டு உள்ளே வந்தேன். கிண்ணத்தில் இருந்த குத்யாவை வீணாகாமல் பானைக்குள் வழித்துப் போட்டேன். கிண்ணத்தையும் மூன்று கரண்டிகளையும் கழுவித் துடைத்து, லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தேன். மேசையையும் துடைத்தேன். ஹலினாவுக்கு ஒரு உதவி செய்த நிம்மதியோடு நின்றேன்.

ஹலினா முகம் கழுவிக்கொண்டு மேலே வந்தார். மேசையைப் பார்த்தார்.

"எங்கே?"

"முடிந்தது. கழுவிவிட்டேன்."

"கழுவிவிட்டீர்களா? விடியும்வரை இருக்க வேண்டும். இரவு முழுக்க வருவார்கள்." வெறும் மேசையில் கையை வைத்தார். "எல்லோரையும் அனுப்பிவிட்டீர்களா?"

எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. அப்போது உள்ளே வந்த வசந்தி சப்பாத்தோடேயே நின்று விஷயத்தைக் கேட்டாள்.

"உங்கடை ஆக்கள் ஆறுதலாச் சாப்பிடுவினம் போலை. எங்கடை ஆக்கள் கெதியாச் சாப்பிட்டிட்டுப் போயிடுவினம்" என்றாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் அதைச் சொன்னாள்.

ஹலினா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவில் அழுகையாகி, திரும்பவும் சிரிப்பாகி நின்றது. நான் கிண்ணத்தை எடுத்து வந்து கொடுத்தேன். பானையிலிருந்து குத்யா போட்டு மட்டமாக்கினார். லாச்சியைத் திறந்து கரண்டி எடுத்தார். அப்பாவுக்கு ஒன்று. அம்மாவுக்கு ஒன்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"ஒருதரம் வைத்தேன். அது எடுக்கப்பட்டுவிட்டது" என்றார் என்னிடம். "இரண்டாம் தரம் என்னால் முடியாது."

பிறகு, "காலையில் மாமி பார்ப்பார். என்ன சொல்வேன்? அவன் பசியோடு நிற்கிறான் என்பாரே" என்றார்.

வசந்தி சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தாள். "இஞ்சருங்கோ, ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுங்கோ" என்றாள். நான் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் குத்யாவைப் போட்டாள். ஒரு வடையும் வைத்தாள். இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். கொண்டுபோய் அடுப்பின் மேல், சூடு இன்னும் கொஞ்சம் இருந்த பக்கத்தில் வைத்தாள்.

ஹலினாவைப் பார்த்துச் சொன்னாள்: "லேட் ஷிஃப்ட்."

நான் மாலை வேலைக்குப் போகும் நாட்களில் எனக்கு அப்படித்தான் வைத்திருப்பாள். அவள் பிந்தி வரும் நாட்களில் நான் அவளுக்கு வைப்பேன். மல்வேர்னில் எங்கள் ஆட்களின் எந்த வீட்டுக்குள் போனாலும் அடுப்பின் மேல் அப்படி ஒரு தட்டு மூடியபடி இருக்கும். அது செத்தவர்களுக்கு வைக்கும் சாப்பாடு அல்ல. வேலை முடிந்து வீட்டுக்கு வரப் போகிறவருக்கு வைப்பது.

ஹலினா அந்தத் தட்டையே பார்த்தார். கையில் இருந்த கரண்டியைக் கொண்டுபோய், கிண்ணத்தில் அல்ல, தட்டின் பக்கத்தில் வைத்தார்.

வசந்தி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தட்டைத் தானே எடுத்தாள். குத்யா போட்டாள், வடை வைத்தாள், மூடினாள், முதலாவதின் அருகே வைத்தாள். ஆருக்கு என்று நானும் கேட்கவில்லை.

6

காலையில் ஹலினா ஃபோனோடு மேலே வந்தார். அங்கே பின்னேரம். திரையில் அந்திரியின் அம்மா வீட்டுக்குள்ளேயே தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டபடி இருந்தார். எங்களைக் கண்டதும் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஹலினா கிண்ணத்தைக் காட்டினார். அந்த அம்மா திரைக்குக் கிட்ட வந்து கரண்டிகளைப் பார்த்தார். ஏதோ கேட்டார். ஹலினா ஃபோனைத் திருப்பி அடுப்புக்கு நேரே பிடித்து, மேல் தட்டைத் தூக்கினார். பிறகுதான் மெல்ல விளக்கத் தொடங்கினார். நடுவில் "லேட் ஷிஃப்ட்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் எனக்கு விளங்கின.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் மாட்டினார். பிறகு வேகமாகப் பேசத் தொடங்கினார். குரலில் ஏச்சு இருந்தது. விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். ஹலினா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

எனக்கு உக்ரேனிய மொழி தெரியும் என்பதுபோல வசந்தி என்னைக் கேட்டாள். "என்னவாம்? கோவிக்கிறாவோ?"

ஹலினா கையை எடுத்தார்.

"என்ன இது, இவ்வளவு கொஞ்சமாக வைத்திருக்கிறாய் என்கிறார். அவன் இதைவிட நிறையச் சாப்பிடுவான் என்கிறார்."

வசந்தி பானையைக் கிட்ட இழுத்தாள். இரவு இறுகிப்போயிருந்த குத்யாவை அகப்பையால் கிண்டி, அந்திரியின் தட்டில் குவியலாக வைத்தாள். அந்த அம்மா திரையில் பார்த்துக்கொண்டே, இன்னும் என்று கையைக் காட்டினார். இன்னும் ஒரு அகப்பை போட்டாள்.

பிறகு மற்றத் தட்டின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போடு" என்றேன். "அவன் ரெண்டாந்தரமும் கேக்கிறவன்."